ஒலிச்சோதனை

மைக் ஒன்று. மைக் இரண்டு.
"பசியாறிட்டிங்களா?" என்று
அறுபது காலி நாற்காலிகளைக் கேட்டேன்.
பீச் ஸ்திரீட்டின் இந்தப் பழைய கிடங்கில்
எதிரொலி கொஞ்சம் கூடுதல்.
மிளகு மூட்டைகள் இருந்தவரை
அவை சத்தத்தை விழுங்கியிருக்கும்.
மனிதர்கள் வந்தாலும் விழுங்குவார்கள்.
காத்திருந்தேன்.

மூன்று மாலை, மூன்று ஸ்காட்லாந்துக் கலைஞர்கள்.
முதல் நாள் ஒரு சிற்பி.
பிடித்த வாசனை ஈரச் சாக்கு என்றார்,
அதற்கு மேல் பேசவில்லை.
நேற்று ஒரு பிடில்காரர்.
பாதியில் தூங்கிப்போன படம்தான் பிடித்த படமாம்,
மிச்சத்தைக் கனவில் தானே எடுத்துக்கொண்டாராம்.
அரங்கம் சிரித்தது.
என் மீட்டரில் சிவப்பு எகிற
அரை விரல் கீழே இழுத்தேன்.

இன்று ஈஷ்பெல்.
மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுகிறவர்,
எழுபத்தொரு வயது,
மழைக்கு வாங்கிய மஞ்சள் பூட்ஸ்.
சட்டையில் மைக் மாட்டும்போது
கட்டைவிரல் நகத்தில் மை பார்த்தேன்,
ஓட்டுப் போட்டு வந்தவர் மாதிரி.

பெய் ஷுவென் கேட்கிறாள்:
பிடித்த புத்தகம்?
"கடல் ஏற்ற இறக்க அட்டவணை.
வருஷா வருஷம் புதுப் பதிப்பு,
முடிவு மட்டும் மாறவே மாறாது."

பிடித்த ஓவியம்?
"பக்கத்து வீட்டுக் கதவு.
படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்."

பிடித்த சத்தம்?

மீட்டர் படுத்துவிட்டது.
வெளியே ஒரு மோட்டார் சைக்கிள்,
பிறகு அதுவும் இல்லை.
"எங்கள் ஊர்ப் பெயரை
வேறு யாராவது சொல்கிற சத்தம்.
இப்போது இரண்டு வீடு, ஒரு பாலம்.
சொல்ல ஆளில்லை.
ஆர்ட்மூலி."

என் விரல் அப்படியே நின்றது.

சுங்கை பட்டாணி போகிற பாதையில்
இடப்பக்கம் எங்கள் தோட்டம்.
எந்த துரை தன் ஊர் ஞாபகத்தில் வைத்த பெயரோ
பலகையில் இங்கிலீஷில் நின்றது.
எங்கள் வாயில் அது ஆட்டுமூலை.
மூலையும் இல்லை, ஆடும் இல்லை,
பூராவும் ரப்பர்.
ஆட்டுமூலை பந்துக் குழு
எண்பத்தெட்டில் இறுதி ஆட்டம் வரை போய்
நாலு கோல் வாங்கியது.
கோல் கீப்பர் நான்.

"கேள்வி உண்டா?" என்றாள் பெய் ஷுவென்.
ஒரு கையும் எழவில்லை.
கை மைக் என்னிடம்தான் இருந்தது.
ஒலிக்காரன் பேசக்கூடாது,
பதினாறு வருஷத்தில் பேசியதில்லை,
சோதனை தவிர.

"ஆட்டுமூலை" என்றேன்.

அறுபது தலை திரும்பியது.
அந்த அம்மா திருத்தவில்லை.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.
பிறகு மெதுவாக, என் வாய்க்கணக்கில்,
ழகரம் படிக்கிற பிள்ளை மாதிரி நாக்கை மடித்து,
அவரே சொன்னார்:
ஆட்டுமூலை.

முடிந்து வயர் சுருட்டுகையில் வந்து கேட்டார்,
அழகான இடமா?
துரை பங்களாவிலிருந்து பார்த்தால் அழகு, என்றேன்.
லயத்தில் நாற்பது வீட்டுக்குப் பன்னிரண்டு கக்கூஸ்.
மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.
நோட்டை எடுத்துப்
பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.
அது எனக்குப் பிடித்திருந்தது.

ராத்திரி பட்டர்வொர்த்தில், வீட்டில்,
பதிவை ஓட்டிப் பார்க்கிறேன்.
கை மைக்கைப் பதிவோடு இணைக்க மறந்திருக்கிறேன்.
என் குரல் எங்கேயும் இல்லை.
ஆர்ட்மூலி என்கிறார்.
இருமல், நாற்காலி சத்தம், நீண்ட அமைதி.
கேட்காமலே ஆட்டுமூலை என்கிறார்.

நாளைக்கு இதைக் கேட்கிறவர்கள்
உச்சுக் கொட்டுவார்கள்:
பாவம், வயசாச்சு,
சொந்த ஊர்ப் பெயரே குழறுது.